கழற்றி மாட்டும் கம்ப்யூட்டர்!
புதிய பாகம் வரும் வரை காத்திருந்தால் லாபமா, நஷ்டமா?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஊர் தாமல். சென்னையில் இருந்து பெங்களூர் போகும் பெரிய சாலையில் இருக்கிறது.

இந்த ஊருக்குப் பெரிய ஏரி ஒன்று உண்டு. மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் அதுவும் ஒன்று.

ஏரி என்றால் கரை இருக்கும். மதகு இருக்கும். மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகக் கலங்கல் இருக்கும்.

மதகுப் பலகை உளுத்துப் போனால் என்ன செய்வார்கள்? பலகையை மாற்றுவார்கள். கரை உடைந்தால் மண் கொட்டி அடைப்பார்கள்.

"மதகு கெட்டு விட்டது. இந்த ஏரியே வேண்டாம். வேறு ஏரி வெட்டலாம்" என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் ஊரே சிரிக்கும்!

இதே மாவட்டத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வயது 1,100 ஆண்டு. குடவோலை போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த முறையை அது சொல்கிறது. ஏரியைக் கவனிப்பதற்கு என்றே ஒரு குழு இருந்தது. அதன் பெயர் ஏரி வாரியம்.

அன்றே ரிப்பேருக்கு ஒரு கமிட்டி!

ஆனால் இன்று வீட்டில் லேப்டாப் கெட்டுப் போனால் என்ன நடக்கிறது?

அம்மாவின் கேள்வி

தாமலில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம்.

மகள் காஞ்சிபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது. வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. பொத்தானை அமுக்கினால் திரை வெளிச்சம் வருவதற்குள் அடுப்பில் பால் பொங்கி விடுகிறது! பேட்டரி கால் மணி நேரம் கூட நிற்பது இல்லை.

தாயும் மகளும் கடைக்குப் போகிறார்கள்.

"இது பழைய மாடல் அம்மா. செலவு பண்றது வீண். புதுசா வாங்கிடுங்க" என்கிறார் கடைக்காரர்.

"ஏன் தம்பி, தையல் மெஷின்ல பெல்ட் போனா பெல்ட்டைத்தானே மாத்தறோம்? மெஷினையா தூக்கிப் போடறோம்?" என்று கேட்கிறாள் தாய்.

நல்ல கேள்வி. இந்தக் கேள்வியைத்தான் அமெரிக்காவில் ஒருவர் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. ஒரு கம்பெனியே தொடங்கி விட்டார்!

ஒரே ஒரு திருப்புளி போதும்

அவர் பெயர் நீரவ் பட்டேல். அவருடைய கம்பெனியின் பெயர் பிரேம்வொர்க். சான்பிரான்சிஸ்கோ நகரில் இருக்கிறது.

2021-ம் ஆண்டு பிப்ரவரியில் அவர் ஒரு லேப்டாப் பற்றி அறிவித்தார். ஜூலையில் அது வாடிக்கையாளர்கள் கைக்கு வந்தது. எடை சுமார் 1.3 கிலோ. பார்வைக்கு மற்ற லேப்டாப் போலவே இருக்கும்.

அப்படியானால் என்ன விசேஷம்?

பெட்டிக்குள் ஒரு திருப்புளியும் வரும். அடியில் உள்ள திருகாணிகளைத் தளர்த்தினால் மேல்மூடி கையோடு வந்து விடும். உள்ளே ஒவ்வொரு பாகத்தின் மேலும் ஒரு சிறிய கட்டம் அச்சடித்து இருக்கிறது. செல்போனில் அதைப் படம் பிடித்தால், அந்தப் பாகத்தை எப்படிக் கழற்றுவது என்று விளக்கம் வரும்.

பேட்டரி போனால் பேட்டரியை மாற்றலாம். திரை உடைந்தால் திரையை மாற்றலாம். கீபோர்டில் காபி கொட்டினால் கீபோர்டை மாற்றலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் மதர்போர்டு. கம்ப்யூட்டரின் மூளை அதில்தான் இருக்கிறது. அந்த மூளையையே கழற்றிவிட்டு, அதே கூட்டில் புதிய மூளை வைக்கலாம்!

கூடு பழசு. வேகம் புதுசு.

வந்ததா புதிய பாகம்?

சொல்வது எளிது. செய்வது அல்லவா கஷ்டம்?

முதல் வருஷம் வாங்கியவர்கள் ஒரு நம்பிக்கையில்தான் வாங்கினார்கள். "அடுத்த வருஷம் புதிய போர்டு வரும். அதுவும் இந்தக் கூட்டில் பொருந்தும்." இதுதான் நம்பிக்கை. கம்பெனியோ சின்னது. நொடித்துப் போனால்? புதிய போர்டு வராவிட்டால்?

காத்திருந்தார்கள்.

2022-ம் ஆண்டு மே மாதம் முதல் போர்டு பற்றி அறிவிப்பு வந்தது. பொருந்தியது! 2023-ல் மேலும் இரண்டு வகை அறிவித்தார்கள். 2024-ல் ஒன்று. 2025-ல் இன்னொன்று. எல்லாம் 2021-ம் ஆண்டு வாங்கிய அதே கூட்டில் உட்காரும்.

போர்டு மட்டும் அல்ல. அதிக நேரம் நிற்கும் பேட்டரி வந்தது. உறுதியான கீல் வந்தது. தெளிவான திரை வந்தது. பழைய வாடிக்கையாளர்களும் அவற்றை வாங்கி மாட்டிக் கொண்டார்கள்.

கழற்றிய பழைய போர்டு வீணா? அதுவும் இல்லை. அதற்கென்று தனியாக ஒரு சிறு பெட்டி 2023-ல் வந்தது. பழைய போர்டை அதில் வைத்தால் அது ஒரு மேஜைக் கம்ப்யூட்டர் ஆகி விடும். அண்ணனுக்குப் புதிய மூளை. தம்பிக்குப் பழைய மூளை!

இரண்டு வருஷக் காத்திருப்பு

ஆனால் எல்லாக் காத்திருப்பும் சீக்கிரம் முடியவில்லை.

அதே கம்பெனி 2024-ம் ஆண்டு தொடக்கத்தில் பெரிய லேப்டாப் ஒன்றை வினியோகித்தது. படங்களை வேகமாகக் காட்டும் கிராபிக்ஸ் பாகம் அதில் தனியாகக் கழன்று வரும். "பிற்காலத்தில் இதைவிடப் பலமான பாகம் வந்தால் மாற்றிக் கொள்ளலாம்" என்பதுதான் அதன் கவர்ச்சி.

அந்தப் பலமான பாகம் எப்போது வந்தது? 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம்தான் அறிவிப்பே வந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகி விட்டது.

அதுவரை வாங்கியவர்கள் ஒவ்வொரு அறிவிப்பையும் எட்டிப் பார்த்தார்கள். "இந்த முறையும் இல்லையா?" என்று பெருமூச்சு விட்டார்கள். கடைசியில் வந்தது. பழைய கூட்டில் பொருந்தவும் பொருந்தியது.

ஜெர்மனியில் பெர்லின் நகரில் எம்.என்.டி. என்று ஒரு சின்ன கம்பெனி. அதன் லேப்டாப்பின் பெயர் ரிபார்ம். 2020-ல் மக்களிடம் முன்பணம் வசூலித்துத் தயாரித்தார்கள். அதன் பேட்டரி ஒரே கட்டி அல்ல. எட்டு உருளைகள். டார்ச் லைட்டில் செல் மாற்றுவது போல ஒவ்வொன்றாக மாற்றலாம்!

அதில் முதலில் இருந்த மூளை மெதுவானது. வாங்கியவர்கள் பொறுத்துக் கொண்டார்கள். சில வருஷம் கழித்துப் பல மடங்கு வேகமான மூளை தனிப் பாகமாக வந்தது. பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகிக் கொண்டார்கள்.

வராமலே போனதும் உண்டு

காத்திருந்தும் கடைசி வரை வராமலே போன கதையும் உண்டு.

கழற்றி மாட்டும் செல்போன் ஒன்றைத் தயாரிக்கப் போவதாக 2013-ல் செய்தி வந்தது. திட்டத்தின் பெயர் ஆரா. பின்னால் நின்றது யார் தெரியுமா? கூகுள்!

"காமிரா வேண்டுமா? செருகுங்கள். பெரிய பேட்டரி வேண்டுமா? செருகுங்கள்." இப்படிச் சொன்னார்கள். உலகமே வாயைப் பிளந்தது. 2015-ல் வெள்ளோட்டம் என்றார்கள். தள்ளிப் போட்டார்கள். 2016-ம் ஆண்டு செப்டம்பரில் திட்டத்தையே மூடி விட்டார்கள்.

பெரிய கம்பெனி கைவிட்டது. சின்ன கம்பெனிகள் செய்து காட்டின. இதில் ஒரு பாடம் இருக்கிறது. கம்பெனியின் அளவைப் பார்க்கக் கூடாது. சொன்ன பாகம் கடைக்கு வந்து விட்டதா என்று பார்க்க வேண்டும்.

தறியில் இருக்கும் ரகசியம்

கழற்றி மாட்டும் கம்ப்யூட்டர் என்றதும் இது அமெரிக்கா கண்டுபிடித்த புதுமை என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்து நெசவாளியைக் கேளுங்கள்!

பட்டுத் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அதில் துளை போட்ட அட்டைகள் கோத்து இருக்கும். எந்த இழை மேலே போக வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று துளைதான் சொல்கிறது.

மாங்காய் டிசைன் வேண்டாம், மயில் டிசைன் வேண்டும் என்றால் தறியை உடைப்பது இல்லை. அட்டையை மாற்றுகிறார்கள். தறி அதே தறி. புடவை புதுப் புடவை!

இந்த அட்டை முறையைப் பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804-ல் உருவாக்கினார். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் கணக்குப் போடும் மெஷின் ஒன்றைத் திட்டமிட்டபோது, இந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக் கொண்டார். பிறகு 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கைத் துளை அட்டை வைத்துத்தான் கூட்டினார்கள்.

ஆகவே கம்ப்யூட்டருக்குத் தறி தாத்தா முறை! தாத்தாவைக் கழற்றி மாட்டலாம். பேரனை மட்டும் பசை போட்டு ஒட்டி விட்டார்கள்.

ஏன் ஒட்டினார்கள்?

லேப்டாப் மெலிதாக வேண்டும் என்று ஜனங்கள் ஆசைப்பட்டார்கள். திருகாணி வைத்தால் கனம் கூடும். செருகும் இடம் வைத்தால் தடிமன் கூடும். ஆகவே பல கம்பெனிகள் நினைவகத்தைப் போர்டோடு பற்றவைத்தன. பேட்டரியைப் பசையால் ஒட்டின.

இன்னொரு காரணமும் உண்டு. பழையது நீடித்தால் புதியது விற்பனை ஆகாது அல்லவா?

விளைவு என்ன? 2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பையைக் கொட்டியது. இது ஐக்கிய நாடுகள் சபைக் கணக்கு. இதில் முறைப்படி சேகரித்துப் பிரித்தது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.

தமிழ்நாட்டுக்கு என்ன?

தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். 2025-ம் ஆண்டு மார்ச் பட்ஜெட்டில், மேலும் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தார்கள்.

எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டரே அதுதான். அவற்றில் பல இன்று பரணில் தூங்குகின்றன. பேட்டரி போனது. டிஸ்க் போனது. அவ்வளவுதான். மற்ற பாகம் நன்றாகவே இருக்கலாம்.

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி இன்னொரு சங்கடம் வந்தது. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தினார்கள். பதிவு செய்து கொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்புத் தந்தார்கள். விண்டோஸ் 11-ஐ ஏற்றலாம் என்றால், பழைய மெஷின்கள் பலவற்றில் ஏறாது.

அதற்காக மெஷினை எறிய வேண்டியது இல்லை. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. விலை கிடையாது. பழைய மெஷினிலும் ஓடும். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் சென்னையில் தயாரித்த பாஸ் லினக்ஸ் தமிழிலும் வேலை செய்யும்.

எதை மாற்றலாம்?

பிரேம்வொர்க் லேப்டாப் நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சரக்கு அல்ல. ஆனால் வீட்டில் உள்ள பழைய லேப்டாப்பிலேயே பாதி வேலையைச் செய்து கொள்ளலாம்.

முதலில் டிஸ்க். பழைய லேப்டாப்பில் சுழலும் தட்டு இருக்கும். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் நிமிஷக் கணக்கில் விழித்தது நொடிக் கணக்கில் விழிக்கும். பெரிய மாறுதல் இதில்தான்.

இரண்டாவது ரேம். பல பழைய மாடல்களில் இதற்குச் செருகும் இடம் உண்டு. சிலவற்றில் ஒரு இடம் காலியாகவே இருக்கும்!

மூன்றாவது பேட்டரி. உப்பிப் போன பேட்டரியை உடனே எடுத்துவிட வேண்டும். அதைக் குத்தக் கூடாது. தீப்பற்றும்.

நான்காவது விசிறி. உள்ளே தூசி அடைத்தால் மெஷின் கொதிக்கும். கொதித்தால் வேகம் குறையும். தூசி தட்டினாலே பல மெஷின்கள் பிழைத்துக் கொள்ளும்.

எந்தப் பாகத்தைத் தொடும் முன்பும் படம், பாடம், சான்றிதழ் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும். கழற்றிய பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும். அதில் வீட்டுச் சமாசாரம் எல்லாம் இருக்கிறது.

சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் பழைய மாடல்களுக்கும் பாகம் தேடலாம். கடைகள் நெருக்கமாக இருக்கும் இடம். கீபோர்டு, திரை, கீல் என்று தனித்தனியே விற்கிறார்கள். மாடல் எண்ணைக் குறித்துக் கொண்டு போவது நல்லது. அது லேப்டாப்பின் அடியில் இருக்கும்.

காத்திருந்தால் விலை இறங்குமா?

"கொஞ்சம் பொறு. விலை இறங்கும்." கம்ப்யூட்டர் விஷயத்தில் வெகு காலமாக இப்படித்தான் சொல்லி வந்தார்கள். பெரும்பாலும் பலித்தது.

2025-ம் ஆண்டு கடைசியில் இது பொய்த்து விட்டது. செயற்கை அறிவு மையங்களுக்காகப் பெரிய கம்பெனிகள் ரேம் சில்லுகளை அள்ளிக் கொண்டு போயின. சாதாரண ஜனங்கள் வாங்கும் ரேம் விலை கிடுகிடு என்று ஏறியது. இறங்கும் என்று காத்திருந்தவர்களுக்கு நஷ்டம். பிரேம்வொர்க் கம்பெனியே ரேம் விலையை ஏற்ற வேண்டி வந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூடு பொருந்தினாலும் எல்லாச் சாமானும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பிரேம்வொர்க்கின் முதல் போர்டுகளுக்கு ஒரு வகை ரேம். 2023-ல் வந்த ஏ.எம்.டி. போர்டுக்கு வேறு வகை. பழைய ரேம் அதில் ஏறாது. போர்டு வாங்கியவர்கள் ரேமும் சேர்த்து வாங்க நேர்ந்தது.

ஆகவே காத்திருப்பதற்கும் கணக்கு உண்டு.

பாகம் அறிவித்தாகி விட்டதா? தேதி தெரியுமா? அதுவரை கையில் உள்ள மெஷின் ஓடுமா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் காத்திருக்கலாம்.

படிப்பு நிற்கிறதா? வேலை கெடுகிறதா? பேட்டரி உப்பி விட்டதா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் காத்திருக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரான்சில் 2021-ம் ஆண்டு ஜனவரி முதல் லேப்டாப்புக்கு மார்க்கு போடுகிறார்கள்! எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று பத்துக்கு இத்தனை மார்க்கு. வாங்குபவர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும்.

இந்தியாவிலும் முயற்சி நடக்கிறது. ரிப்பேர் செய்து கொள்ளும் உரிமைக்காக 2022-ம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி இதற்கென்று ஓர் இணையதளத்தைத் திறந்தார்கள். பிரான்ஸ் போல மார்க்கு போடுவது பற்றி இன்னொரு குழு 2025-ல் அறிக்கை கொடுத்தது.

அந்த மார்க்கு நம் கடைக்கு வரும் வரை, நாமேதான் கேட்க வேண்டும். புதிய லேப்டாப் வாங்கும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. ரேம் செருகியதா, பற்றவைத்ததா?

2. டிஸ்க்கைப் பிறகு மாற்றலாமா?

3. பேட்டரி தனியாகக் கிடைக்குமா?

4. உதிரி பாகம் எத்தனை வருஷம் கிடைக்கும்?

5. சர்வீஸ் கடை எந்த ஊரில் இருக்கிறது?

பதில் தெரியாது என்று கடைக்காரர் சொன்னால், அதுவும் ஒரு பதில்தான்!

தாய் என்ன செய்தாள்?

தாமல் வீட்டுக்குத் திரும்புவோம்.

தாய் அவசரப்படவில்லை. மாடல் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டாள். வேறு கடைக்குப் போனாள்.

"தம்பி, இதுல டிஸ்க் மாத்தலாமா? பேட்டரி கிடைக்குமா?"

அவர் திறந்து பார்த்தார். "மாத்தலாம் அக்கா. ரேம் போட ஒரு இடம் காலியா இருக்கு. ஆனா ரேம் இப்போ விலை ஜாஸ்தி. அதை அப்புறம் பார்த்துக்கலாம். டிஸ்க்கும் பேட்டரியும் போதும்" என்றார்.

செலவு புதிய லேப்டாப் விலையில் ஒரு சிறு பங்குதான். மீதிப் பணம் அடுத்த தவணைக் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆயிற்று.

இன்னும் சில வருஷம் கழித்து இந்த மெஷினும் ஓயும். அப்போது புதியது வாங்கத்தான் வேண்டும். அன்று அவள் முதலில் கேட்கப் போவது விலையை அல்ல.

"இதைத் திறக்க முடியுமா?" என்றுதான் கேட்பாள்.